பெயரெழுதா உபயம்

எங்கள் ஊர்ப்புறங்களிலே, கொடுத்தவர் தம் பெயரை மறைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. கோயிலுக்கு மணி வார்த்துக் கொடுத்தவரின் பெயர் அந்த மணியின் விளிம்பிலே இருக்கும். மதிலுக்குக் கல் கொடுத்தவரின் பெயர் மதிலிலே பதிக்கப்பட்டிருக்கும். மின்குழாய் விளக்கொன்றை வாங்கிக் கொடுத்தவர்கூட அதன்மீது ‘உபயம்’ என்று தொடங்கித் தகப்பனார் பெயர் வரையில் எழுதுவித்து, வெளிச்சத்தில் காற்பங்கை மறைத்துவிடுவார். மகோற்சவ விஞ்ஞாபனத்தைக் கையில் எடுத்தால் எந்தத் திருவிழா எந்தக் குடும்பத்தாருக்கு உரியது என்பது எழுத்தில் இருக்கும்.

இவ்வழக்கத்தை நாம் மெச்சுவதற்கில்லை. அந்தப் பட்டியலில் எவர் இடம்பெறலாம், எவர் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும் என்பதை வகுத்தது சாதித் தடிப்பேயாகும். அதனை எதிர்த்தே 1960களின் பிற்பகுதியில் இக் குடாநாட்டிலே கோயில் நுழைவுப் போராட்டங்கள் நடந்தன. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இன்னார் கொடுத்தார், அதனால் இன்னாருக்கு முதல் மரியாதை என்பதை ஊர் கண்ணாலே கண்டது. கண்டதனாலேயே எதிர்க்கவும் முடிந்தது.

அரசியற் கட்சிகளுக்குக் கொடுக்கும் செல்வர்கள் இதற்கு நேர்மாறானவர்கள். கோயில் மணியிலே பெயரைப் பொறிப்பிக்கும் அதே மனிதர், கட்சிக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்கமாட்டார். இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வது அரசியல் வரலாற்று மாணவனின் கடமையாகும். அவ்வாராய்ச்சிக்கு வேண்டிய சான்றுகள் அனைத்தும் பாக்குநீரிணைக்கு அப்பால், இந்திய நீதிமன்றங்களின் ஏடுகளில் அறுபத்தேழு ஆண்டு காலமாகச் சேர்ந்து கிடக்கின்றன.

அங்கே போகுமுன் என் சொந்தக் கணக்கொன்றைத் தீர்த்துக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் ஒரு சனசமூக நிலையத்தின் பொருளாளராக இருந்தேன். நூலக அறைக்குச் சுவரெழுப்பப் பணம் போதவில்லை. ஒருவர் இரண்டு லட்சம் ரூபா தர முன்வந்தார். நிபந்தனை ஒன்றே: கணக்கேட்டிலே ‘நலன்விரும்பி’ என்று மாத்திரம் எழுதவேண்டும். தன்னடக்கமுள்ள மனிதர் என்று வியந்து நானே என் கையால் அப்படி எழுதினேன். அடுத்த மாரியிலே ஒழுங்கையின் வெள்ளவாய்க்காலைப் புதிய மதிலொன்று அடைத்துவிட்டது. பள்ளக் காணியிலிருந்த வீடுகளுக்குள் முழங்காலளவு தண்ணீர். நிலையத்தின் பெயரால் முறைப்பாடு எழுதித் தாருங்கள் என்று அங்குள்ளோர் வந்து கேட்டார்கள். செயற்குழு அதனை மூன்று கூட்டங்களில் ஒத்திவைத்தது. கேட்டவர்களுக்குக் காரணம் விளங்கவில்லை. செயற்குழுவிலிருந்த ஏழு பேருக்கும் விளங்கிற்று. அந்த ஏழு பேரில் நானும் ஒருவன்.

பெயர் மறைந்த நன்கொடை என்பதன் இயல்பு அன்றே எனக்குப் புலப்பட்டது. பெற்றவனுக்கு அது மறைவாக இருப்பதில்லை. ஊருக்கு மாத்திரமே மறைவாக இருக்கிறது.

இனி வழக்குக்கு வருவோம். 1957ஆம் ஆண்டு, இந்தியாவின் இரண்டாவது பொதுத்தேர்தல் நடந்த ஆண்டு. டாட்டா இரும்பு எஃகுக் கம்பனி தன் அமைப்பு விதிகளைத் திருத்தி, அரசியற் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கும் அதிகாரத்தைத் தனக்குத் தானே ஆக்கிக்கொள்ள விரும்பிற்று. பங்குதாரர் ஒருவர் எதிர்த்தார். வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பிரதம நீதியரசர் எம்.சி. சாக்ளாவின் முன் வந்தது. (நம் நாட்டில் ‘உயர் நீதிமன்றம்’ என்பது அதியுயர்ந்த மன்றைக் குறிக்கும். இந்தியாவிலோ அது மாநில மன்று. அதற்கு மேலே இருப்பது உச்ச நீதிமன்றம். வாசகர் மயங்கற்க.) சட்டத்திலே அதனைத் தடுக்க இடமில்லை என்று கண்ட சாக்ளா, கம்பனி கேட்ட திருத்தத்தை அனுமதித்தார். ஆனால் அனுமதித்த கையோடு ஓர் எச்சரிக்கையையும் எழுதிவைத்தார். இந்த ஆபத்து வளர்ந்து வளர்ந்து, இறுதியில் நாட்டின் ஜனநாயகத்தையே நெரித்துவிடக்கூடும் என்பது அவருடைய அச்சம். பாராளுமன்றம் இதனைக் கவனிக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அதே காலத்தில் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இந்திய இரும்பு எஃகுக் கம்பனியின் இதே போன்ற விண்ணப்பத்தை விசாரித்த நீதியரசர் பி.பி. முகர்ஜியும், மனச்சாட்சியைப் பணத்தால் மாற்றுவது ஜனநாயகத்தையும் நிர்வாகத்தையும் ஒருங்கே கெடுப்பதாகும் என்ற கருத்தைத் தெரிவித்தார்.

இவ்வழக்குகளிலே ஒரு விடயம் கவனிக்கத்தக்கது. பங்குதாரரின் பணம் பங்குதாரருக்குப் பிடிக்காத கட்சிக்குப் போகலாமா என்பதே மன்றிலே பேசப்பட்ட கேள்வி. ஜாம்ஷெட்பூரின் உலைக்களத்திலே நின்று அந்த இலாபத்தை உண்டாக்கிய தொழிலாளிக்கு எந்தக் கட்சி பிடிக்கும் என்று கேட்க மன்றிலே எவருமில்லை.

1960இல் பாராளுமன்றம் ஓர் எல்லை போட்டது. 25,000 ரூபா, அல்லது முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 5 சதவீதம், இவற்றில் எது கூடியதோ அதுவரையில் கம்பனிகள் கொடுக்கலாம். யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைக் கணக்கிலே காட்டவேண்டும். எல்லை தாராளமானதுதான். ஆயினும் பெயர் எழுதப்பட்டது. ராஜாஜி 1959இல் தொடங்கிய சுதந்திராக் கட்சிக்கும் தாம் பணம் கொடுக்கப்போவதாக ஜே.ஆர்.டி. டாட்டா 1961இல் நேருவுக்கே கடிதம் எழுதினார். முதலாளி, ஆளுங் கட்சியின் தலைவருக்கு எழுதி, உம்முடைய எதிரிக்கும் கொடுக்கிறேன் என்று சொல்லிக் கொடுத்த காலம் அது. அந்த வெளிப்படைத் தன்மையைப் பிற்காலத்தோடு ஒப்பிட்டால் அதற்கு ஓரளவு மதிப்புத் தரவேண்டியிருக்கிறது.

1969இல் இந்திரா காந்தியின் அரசாங்கம் கம்பனி நன்கொடையை அடியோடு தடைசெய்தது. இது சோஷலிசப் போக்கின் வெற்றி என்று அன்று பலர் கொண்டாடினர். ஆனால் தேர்தற் செலவுக்கு வேறு வழி எதனையும் வகுக்காமல் வாசலை மாத்திரம் அடைத்தமையால், பணம் கொல்லைப்புறத்தால் வந்தது. காசோலையாக வந்தது கறுப்புப் பணமாக வரலாயிற்று. எதிர்க்கட்சிக்குப் போகும் வழியை அடைப்பதே தடையின் உண்மை நோக்கம் என்று அன்றே கூறியவர்களும் உளர். அவர்கள் கூற்றை முற்றாகத் தள்ளிவிட முடியாது.

இதன் பின்விளைவு 1974இல் வெளிப்பட்டது. 1971 தேர்தலில் டில்லி சதர் தொகுதியில் வென்ற அமர்நாத் சாவ்லாவின் தேர்தலை எதிர்த்துக் கன்வர்லால் குப்தா தொடுத்த வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செலவிட்ட பணத்தையும் வேட்பாளரின் செலவாகவே கொள்ளவேண்டும் என்று நீதியரசர் பகவதி தீர்ப்பளித்தார். சாவ்லாவின் தேர்தல் செல்லாதாயிற்று. செலவுக்கு எல்லை என்பது ஏழை வேட்பாளனுக்கும் செல்வனுக்கும் இடையே ஓரளவு சமநிலையை உண்டாக்கவே வந்தது. கட்சியின் பையிலிருந்து கணக்கின்றிச் செலவிடலாமென்றால் அந்த எல்லைக்குப் பொருளே இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். தீர்ப்பு ஒக்டோபர் மாதத்தில் வந்தது. அதே மாதத்திலேயே அவசரச் சட்டமொன்று பிறப்பிக்கப்பட்டு, கட்சியின் செலவு வேட்பாளர் கணக்கில் சேராது என்று ஆக்கப்பட்டது. நீதிமன்றம் ஒரு கதவைச் சாத்தினால் சட்டமன்றம் சாளரமொன்றைத் திறந்துவிடும் என்பதற்கு இந்நிகழ்ச்சி முதல் உதாரணம். கடைசி உதாரணம் அன்று.

இடைக்காலத்தை விரைந்து கடப்போம். 1985இல் தடை நீங்கி, சராசரி இலாபத்தில் 5 சதவீதம் என்ற எல்லையோடு கம்பனி நன்கொடை மீண்டும் வந்தது. 2013இன் கம்பனிச் சட்டம் அதனை 7.5 சதவீதமாக உயர்த்தியது. 2003இல் வந்த திருத்தம் 20,000 ரூபாவுக்கு மேல் கொடுத்தவர் பெயரைக் கட்சிகள் அறிவிக்கவேண்டுமென்றது. உடனே பல கட்சிகளுக்கு வந்த பணமெல்லாம் 20,000 ரூபாவுக்குக் குறைந்த துளிகளாகவே வந்து விழுந்தன. பகுஜன் சமாஜ் கட்சி, அந்த எல்லைக்கு மேற்பட்ட நன்கொடை ஒன்றுகூடத் தனக்கு வரவில்லை என்று ஆண்டுக்கு ஆண்டு அறிவித்து வந்தது.

நமது கரைக்கு நேரெதிரே உள்ள தூத்துக்குடியை நினைவூட்டும் ஒரு வழக்கையும் இங்கே சொல்லவேண்டும். வேதாந்தா என்னும் லண்டன் கம்பனியின் துணைக் கம்பனிகளான ஸ்டெர்லைட், செசா கோவா ஆகியவற்றிடமிருந்து காங்கிரசும் பாரதிய ஜனதாவும் பெற்ற பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறியது என்று 2014 மார்ச் 28இல் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒன்றையொன்று பகைத்து மேடைதோறும் முழங்கும் இரு கட்சிகளும் ஒரே வழக்கில், ஒரே குற்றத்தில் அகப்பட்டன. நடவடிக்கை எடுத்திருக்கவேண்டிய அரசாங்கம் என்ன செய்தது? 2016இன் நிதிச் சட்டத்தால் ‘வெளிநாட்டு மூலம்’ என்பதன் பொருளை 2010 முதலாகப் பின்னோக்கி மாற்றிற்று. அது போதாதென்று கண்டு, 2018இன் நிதிச் சட்டத்தால் 1976 ஓகஸ்ட் 5 வரைக்கும் பின்னோக்கிச் சென்று மாற்றிற்று. நாற்பத்திரண்டு ஆண்டுக் குற்றம் ஒரு வரியிலே கழுவப்பட்டது. அச் சட்டம் மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது மார்ச் மாதத்தில். அதே ஆண்டு மே 22இல், ஸ்டெர்லைட் செம்பு ஆலைக்கு எதிராக ஊர்வலம் வந்த தூத்துக்குடி மக்கள்மீது பொலிசார் சுட்டதில் 13 பேர் மாண்டனர். ஒன்றினால் மற்றது விளைந்தது என்று நாம் சொல்லவில்லை. சொல்வதற்குச் சான்றும் இல்லை. ஓர் ஆலையின் புகையைச் சுவாசிப்பவன், அந்த ஆலைக்காரன் யாருக்குப் பணம் கொடுத்தான் என்று அறிய விரும்புவானா, மாட்டானா என்பதே நமது கேள்வி.

இப்பொழுது தேர்தல் பத்திரத்துக்கு வருவோம். ஈழத்திலே இதனைப் ‘பிணைமுறி’ என்போம். ‘முறி’ என்பது ஓலையில் எழுதிய ஆவணத்துக்கு நம் முன்னோர் வழங்கிய சொல். பெரிய புராணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு முறி என்றதும் திருவெண்ணெய்நல்லூர் அவை நினைவுக்கு வராமலிராது. நீ எனக்கு அடிமை என்று ஓலை காட்டி ஒரு முதியவர் வழக்காடுகிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் உண்டு என்கிறார் முதியவர். அவையோர் அதனை வாங்கிப் படிக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவர் பெயர், ஊர், எவருக்குக் கொடுத்தார் என்பது, சாட்சிகளின் கையொப்பம், எல்லாம் உள்ளன. பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வருவித்து ஒப்பிட்டும் பார்க்கிறார்கள். பக்தியை ஒருபுறம் வைத்து இக்காட்சியை ஒரு வழக்காக நோக்கினால், வெளிப்படையான அவையிலே ஆவணத்தைப் பெயரோடு வாசிப்பதே நீதி என்று சேக்கிழார் காலத்துச் சமுதாயம் கொண்டிருந்தமை தெரியவரும்.

2017 பெப்ரவரி 1இல் நிதியமைச்சர் அருண் ஜெட்லி தமது வரவுசெலவுத் திட்ட உரையில் அறிவித்து, 2018 ஜனவரி 2இல் நடைமுறைக்கு வந்த முறியோ எழுதியவன் பெயருமில்லாதது, பெறுபவன் பெயருமில்லாதது. பாரத ஸ்டேட் வங்கியின் குறித்த கிளைகளில் 1,000, 10,000, ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என்ற பெறுமதிகளில் அதனை வாங்கலாம். வாங்கியவர் விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம். கட்சி 15 நாளுள் வங்கியிலே மாற்றிக்கொள்ளவேண்டும். கொடுத்தவர் யாரென்று கட்சி எவருக்கும் சொல்லவேண்டியதில்லை. இதற்காக நான்கு சட்டங்கள் திருத்தப்பட்டன. கம்பனி எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்று தன் கணக்கில் எழுதவேண்டியதில்லை. 7.5 சதவீத எல்லையும் நீக்கப்பட்டது. நட்டத்தில் ஓடும் கம்பனியும் கொடுக்கலாம். இலாபமே இல்லாத கம்பனி எங்கிருந்து கொடுக்கும் என்று பள்ளி மாணவன்கூடக் கேட்பான். மேலவையில் அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இல்லாதபடியால் இவையனைத்தும் பண மசோதா என்னும் போர்வையிலே கொண்டுவரப்பட்டன.

அரசாங்கத்துக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லையா? கிடைத்தது. இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜனவரி மாதத்திலேயே இது கறுப்புப் பணம் வெளுக்கப்படுவதற்கு வழியாகுமென்று எழுதிற்று. தேர்தல் ஆணையம் அதே ஆண்டு மே மாதத்தில், இது பின்னோக்கி வைக்கும் அடி என்று எழுதிற்று. 2018 ஏப்பிரலில் பூனம் அகர்வால் என்னும் பத்திரிகையாளர் ஆயிரம் ரூபாப் பத்திரங்கள் இரண்டை வாங்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எண்ணும் ஒவ்வொரு பத்திரத்திலும் வெவ்வேறாக இருந்ததை ஊதாக்கடந்த ஒளி காட்டிற்று. அது கள்ளப் பத்திரத்தைத் தடுக்கும் பாதுகாப்புக் குறி என்று அரசாங்கம் விளக்கியது. எப்படியாயினும், எவர் வாங்கினார் என்பதை அறிவிக்கும் வழி அரச வங்கியின் கையில் இருந்தது. அரச வங்கி யாருக்குக் கீழ்ப்பட்டது? எதிர்க்கட்சிக்கு எட்டாத இரகசியம், வாக்காளனுக்கு எட்டாத இரகசியம், ஆளுவோருக்கு எட்டக்கூடியதாய் இருந்தது.

ஜனநாயகச் சீர்திருத்தங்களுக்கான சங்கமும் ‘கொமன் கோஸ்’ என்னும் அமைப்பும் 2017இலேயே உச்ச நீதிமன்றத்தை நாடின. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி 2018இல் வழக்காளியாகச் சேர்ந்தது. இந்தப் பத்திரத்தால் வரும் பணத்தைத் தொடமாட்டோம் என்று அறிவித்து, அவ்வாறே தொடாதிருந்தது அக்கட்சி. வழக்கோ நகரவில்லை. 2019 ஏப்பிரல் 12இல், கட்சிகள் தாம் பெற்றவற்றின் விபரத்தை மூடி முத்திரையிட்ட உறையில் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கவேண்டும் என்ற இடைக்கால ஆணை மாத்திரம் வந்தது. 2021 மார்ச்சில் தடை மறுக்கப்பட்டது. இரகசியத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கின் சான்றுகளே இரகசிய உறையில் கிடந்தன. ஒரு பொதுத்தேர்தலும் பல மாநிலத் தேர்தல்களும் இதற்கிடையே நடந்து முடிந்தன. தாமதித்த நீதியின் விலையை இங்கே எந்த வட்டிக் கணக்காலும் அளக்க முடியாது.

2023 ஒக்டோபர் 31 முதல் மூன்று நாள் ஐந்து நீதியரசர் முன் விசாரணை நடந்தது. எல்லாவற்றையும் அறியும் பொது உரிமை குடிமக்களுக்கு இல்லை என்பது அரசாங்கத் தரப்பின் ஒரு வாதம். கொடுத்தவர் பெயர் தெரிந்தால் மற்றைக் கட்சி பழிவாங்கும், ஆகவே மறைவு வேண்டும் என்பது இன்னொரு வாதம்.

இந்த இரண்டாவது வாதத்தை எள்ளி நகையாடிவிட்டுப் போவது எளிது. நாம் அப்படிச் செய்யலாகாது. ஏனெனில் பெயர்ப் பட்டியல் எவ்வளவு கொடியதாகலாம் என்பது இக் குடாநாட்டாருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. போர்க்காலத்திலே யாருக்கு யார் கொடுத்தார் என்ற குறிப்பொன்று பிழையான கையிலே அகப்பட்டால் அதன் முடிவு என்னவென்பதை ஒவ்வொரு குடும்பமும் அறியும். நிலவுடைமையாளருக்கு அஞ்சி இரவிலே வந்து இடதுசாரி இயக்கத்துக்கு ஐந்து ரூபா கொடுத்துவிட்டுப் போன கூலியாளனின் பெயரை வெளியிடு என்று நாம் கேட்போமா? 1958இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலம், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமொன்று தன் உறுப்பினர் பட்டியலைக் கொடுக்கவேண்டும் என்றபோது, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. பட்டியல் வெளிவந்தால் அவர்கள் வேலை இழப்பர், தாக்கப்படுவர் என்பது காரணம். அத்தீர்ப்பு சரியானதே. அப்படியாயின் கம்பனி முதலாளிக்கு மட்டும் அந்த மறைவு ஏன் ஆகாது?

விடை அளவிலே இருக்கிறது, வலிமையிலே இருக்கிறது. பலவீனன் மறைந்து நிற்பது அடி விழாதிருக்க. பலவான் மறைந்து நிற்பது, தான் பிடித்த கயிறு எவர் கழுத்திலே இருக்கிறது என்பதை மற்றவர் காணாதிருக்க. 2018இல் தொடங்கிய பத்திரங்களின் மொத்தப் பெறுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரு கோடி ரூபாப் பத்திரங்களாகவே வாங்கப்பட்டது. கூலியாளன் எவனும் அந்த வங்கி வாசலுக்குப் போகவில்லை.

2024 பெப்ரவரி 15இல் பிரதம நீதியரசர் சந்திரசூட், நீதியரசர்கள் சஞ்சீவ் கன்னா, கவாய், பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகியோர் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். கன்னா மாத்திரம் தமது காரணங்களைத் தனியே எழுதினார். கட்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிவது வாக்காளனின் பேச்சுச் சுதந்திரத்தில் அடங்கிய உரிமை. அதனைப் பறிக்கும் திட்டம் அரசியல் யாப்புக்கு முரணானது. கம்பனிகளுக்கு எல்லை நீக்கியமை சமத்துவத்துக்கு முரணானது. நாம் மேலே எழுப்பிய கேள்வியையும் மன்று தொட்டது. கொள்கைப் பற்றினால் கொடுப்பவனின் அந்தரங்கம் காக்கப்படவேண்டியதே. ஆனால் கைம்மாறு கருதிக் கொடுப்பதற்கு அந்தப் போர்வை ஆகாது என்றது. சாக்ளா அஞ்சி எழுதிய 1957இலிருந்து இத்தீர்ப்பு வர அறுபத்தேழு ஆண்டுகள் சென்றன.

அடுத்து நடந்தது நாடகம் எழுதுவோர் கற்பனைக்கும் எட்டாதது. மார்ச் 6க்குள் விபரத்தைத் தேர்தல் ஆணையத்துக்குக் கொடுக்கவேண்டும் என்பது ஆணை. கோடிக்கணக்கான கணக்குகளைக் கணினியில் வைத்திருக்கும் ஸ்டேட் வங்கி, வாங்கியோர் விபரமும் மாற்றியோர் விபரமும் மும்பையிலே வெவ்வேறு உறைகளில் உள்ளன, பொருத்திப் பார்க்க ஜூன் 30 வரையில் அவகாசம் வேண்டும் என்றது. பொதுத்தேர்தல் அதற்கு முன்னரே முடிந்துவிடும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மார்ச் 11இல் மன்று மறுத்தது. மறுநாளே வங்கி விபரத்தைக் கொடுத்தது! நான்கு மாத வேலை ஒரு நாளில் முடிந்தது. மார்ச் 14இல் பட்டியல் வெளிவந்தது. ஆனால் எந்தப் பத்திரம் எந்தக் கட்சிக்கு என்று பொருத்தும் எண்கள் அதில் இல்லை. மன்று மீண்டும் கண்டித்தபின் மார்ச் 21இல் அவ்வெண்களும் வந்தன.

2019 ஏப்பிரலிலிருந்து வாங்கப்பட்டவை 22,217 பத்திரங்கள். கட்சிகள் மாற்றிய தொகை ஏறத்தாழ 12,769 கோடி இந்திய ரூபா. அதில் பாரதிய ஜனதாவுக்கு 6,060 கோடி, ஏறத்தாழப் பாதி. திரிணாமூல் காங்கிரசுக்கு 1,609 கோடி. காங்கிரசுக்கு 1,421 கோடி. எல்லாரிலும் அதிகமாக வாங்கியவர் யார்? நாடறிந்த பெருங் கைத்தொழிற் குடும்பங்களில் ஒன்றுமன்று. கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்டு லொத்தர்ச் சீட்டு நடத்தும் பியூச்சர் கேமிங் என்னும் கம்பனி. 1,368 கோடிக்கு வாங்கியிருந்தது. நாளாந்தக் கூலியிலே பத்து ரூபாயைப் பிடித்து, விடியுமென்ற நம்பிக்கையோடு ஏழை வாங்கும் சீட்டிலும் எண் இருக்கிறது; அந்தச் சீட்டுகளின் இலாபத்தில் வாங்கிய பத்திரத்திலும் எண் இருந்தது.

இங்கே தமிழராகிய நாம் சற்றே நின்று நோக்கவேண்டும். தமிழ்நாட்டில் லொத்தர்ச் சீட்டு 2003இல் தடைசெய்யப்பட்டது. அந்தக் கம்பனியின் பத்திரங்களில் 509 கோடி ரூபா திராவிட முன்னேற்றக் கழகத்துக்குச் சென்றது. பெற்ற 656.5 கோடியில் பெரும் பங்கு அதுவே. கொடுத்தவர் பெயரைக் கேட்டு வாங்கித் தானே ஆணையத்துக்குத் தெரிவித்த மிகச் சில கட்சிகளில் தி.மு.க.வும் ஒன்று என்பதை நேர்மையாகக் குறிப்பிடவேண்டும். நேர்மை அத்தோடு நிற்கலாகாது. 2019 பொதுத்தேர்தலில் தி.மு.க. தன் கூட்டணியிலிருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடியும் மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடியும் கொடுத்தது அக்கட்சியின் செலவுக் கணக்கிலே தெரியவந்தது. வங்கி வழியாக வந்தது, கணக்கிலே காட்டப்பட்டது, இரகசியமில்லை என்று நம் தோழர்கள் விளக்கம் கூறினர். அது உண்மையே. ஆனால் பத்திரத்தைத் தொடாத கை, பத்திரம் பெற்ற கையிலிருந்து பெறுகையில், தொழிலாளியின் சந்தாவிலே வாழும் கட்சி என்ற பழம்பெருமை என்னவாயிற்று என்று கேட்கவும் இடமுண்டு. இக்கேள்வியைப் பகைவர் கேட்குமுன் நாமே கேட்பது நன்று.

கைம்மாறு நடந்ததா என்பதை விசாரிக்கத் தனிக்குழு வேண்டும் என்று கேட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 2இல் ஏற்க மறுத்தது. சாதாரணச் சட்ட வழிகள் திறந்திருக்கின்றன என்றது. பெயர்கள் தெரிந்தன, பெயர்களுக்குப் பின்னால் நடந்தவை தெரியவில்லை. கைப்பற்றிய பணமும் கட்சிகளிடமே தங்கிற்று.

பழந்தமிழரின் குடவோலை முறையைக் காட்டி, எல்லாம் நம்மிடம் இருந்தது என்று மார்தட்டுவோர் இவ்விடத்தில் எழுந்து நிற்பர். உத்திரமேரூரில் முதற் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரையும் அவருடைய உறவினரையும் மீண்டும் குடத்துக்குப் பெயரிடலாகாது என்று விலக்குகின்றன. மகன், தகப்பன், மாமன், மைத்துனன் என்று அந்தப் பட்டியல் நீள்வதைப் படிக்க இன்றும் இன்பமாக இருக்கிறது. ஆனால் அங்கே பெயரிடத் தகுதி பெற்றவர் எவர்? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய பிராமணர். உழுதவனுக்கு ஓலையும் இல்லை, குடமும் இல்லை. தமக்குள்ளே ஏமாற்றாதிருக்க நிலவுடைமையாளர் செய்துகொண்ட ஏற்பாட்டை மக்களாட்சி என்று கொள்ள முடியாது. கணக்குக் காட்டாதவன் விலக்கப்படவேண்டும் என்ற விதியை மாத்திரம் எடுத்துக்கொள்வோம்.

நமது நாட்டின் கதை சுருக்கமானது. சுருக்கமாக இருப்பதே குறை. 1946ஆம் ஆண்டுத் தேர்தற் கட்டளைச் சட்டத்தின்கீழ் வேட்பாளர் செலவுக்கு எல்லை இருந்தது, கணக்கும் கொடுக்கவேண்டியிருந்தது. 1956இல் இதே பருத்தித்துறைத் தொகுதியிலே கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையா வென்றது அந்தச் சட்டத்தின் கீழேதான். விகிதாசார முறைக்காக 1981இல் புதிய பாராளுமன்றத் தேர்தற் சட்டம் வந்தபோது எல்லையும் கணக்கும் சத்தமின்றிக் கைவிடப்பட்டன. ஒரு தொகுதியிலே நடந்து வாக்குக் கேட்டவன், மாவட்டம் முழுவதும் ஓடவேண்டிய நிலை வந்த அதே வேளையில் செலவுக்கு இருந்த கடிவாளம் அவிழ்க்கப்பட்டது. 42 ஆண்டுகள் அப்படியே கழிந்தன. 2015 மத்திய வங்கிப் பிணைமுறி மோசடியின் பின்னர், அதனோடு சம்பந்தப்பட்டோரின் கம்பனியிலிருந்து தேர்தற் செலவுக்குப் பத்து லட்சம் ரூபாக் காசோலை பெற்றதைப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் 2018இல் ஒப்புக்கொண்டார். அதை மறைக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கவில்லை. தடுக்கும் சட்டமே இல்லையே!

2023இன் 3ஆம் இலக்கத் தேர்தற் செலவின ஒழுங்குபடுத்தற் சட்டம் அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது. வெளிநாட்டு அரசுகள் முதலானோரிடம் பெறுதல் தடுக்கப்பட்டது. தேர்தல் முடிவு வந்து 21 நாளுள் பெற்ற நன்கொடைகளும் செய்த செலவும் அறிக்கையாகக் கொடுக்கப்படவேண்டும். 2024 செப்தெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கு ஒரு வாக்காளருக்கு 109 ரூபா வீதம் வேட்பாளரொருவருக்கு 186 கோடி ரூபாவுக்கு மேல் எல்லை வகுக்கப்பட்டது. எல்லையே 186 கோடி என்றால் எந்தத் தொழிலாளி போட்டியிடுவான் என்ற கேள்வி ஒருபுறமிருக்க, தேர்தலில்லாத காலத்தில் கட்சியின் வாசலுக்கு வரும் பணத்தைப் பற்றிச் சட்டத்தின் பிடி தளர்ந்தே இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் 14இல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 இடங்களுக்கு 396 பேர் போட்டியிட்டார்கள். சுவரொட்டியும் முகநூல் விளம்பரமும் எவர் பணத்தில் வந்தன என்று எத்தனை வாக்காளர் கேட்டோம்? அறிக்கைகள் இருக்கின்றன. போய்ப் பார்த்த ஆசிரியர் எவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை, நானும் போகவில்லை.

என் சனசமூக நிலையத்துக் கதையை இடையில் விட்டுவிட்டேன். அந்த வெள்ளவாய்க்கால் இரண்டு மாரிகளின் பின்னர் திறக்கப்பட்டது. நிலையம் எழுதிய கடிதத்தினாலன்று. பள்ளக் காணியிலிருந்தோர் தாமே மனுவெழுதி, முகவரியோடு பெயரும் கையொப்பமும் இட்டு உரிய இடத்திலே கொடுத்தார்கள். கூலிக்குப் போவோர், மீன் விற்போர், கணவனை இழந்தோர் என முப்பத்தொரு பெயர்கள். அதிலே என் பெயர் இல்லை.